கோல் கம்பம் பிடுங்கிய நாள்

14 டிசம்பர் 1984, வெள்ளி

ஆசியக் கோப்பையில் இந்தியா நாலு ஆட்டம் ஆடி, ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறிவிட்டது. அதைச் சாக்காக வைத்து, தென்காசியில் நான் பி.டி. மாஸ்டராக இருக்கும் பள்ளியில் இன்று ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கி, கிரிக்கெட்டுக்கு இடம் ஒதுக்கச் சொன்னார் தலைமையாசிரியர்.

"சார், அறுபத்துநாலுல ஆசியாவுலயே ரெண்டாவதா வந்தோம்" என்றேன்.

"இருபது வருசத்துக்கு முந்துன கதைய எதுக்குச் சொல்லுதீரு? இப்ப ஒரு கோல் போட்டானுவளா?"

சரி சார் என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் வாட்ச்மேன் அண்ணாச்சியும் நானும் கம்பங்களைப் பிடுங்கினோம். மழையில் ஊறிய மண், சுலபமாக வந்துவிட்டது. "நல்லாத்தான நிக்கி, எதுக்கு சார் பிடுங்குதோம்?" என்று அண்ணாச்சி கேட்டார். நான் அடுத்த கம்பத்தைப் பிடித்தேன்.

இலத்தூர் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நாலு ஆட்டத்தில் ஒன்றில் ஈரானை நம் ஆட்கள் ஒரு கோலும் போட விடவில்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். அவர்கள் தொண்ணூறு நிமிஷம் ஈரானைத் தடுத்து நின்றார்கள். நான் தலைமையாசிரியர் மேஜைக்கு முன்னால் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை.