மாமாவின் முட்டி வலியும் ஒரு ஹீட்டரும்

நவம்பர் 9, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படி மேசையில் புத்தகத்தை விரித்தேன். ஐந்து ஐந்துக்கு மாமனார் ஆஜர். வந்ததும் வழக்கம்போலப் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினார். கொதிக்கும் வரை எனக்குச் செய்தி வாசிப்பு, அதுவும் நேற்றைய பேப்பரிலிருந்து. கொதித்ததா? கொதித்தது. குடித்தாரா? ஒரு வாய்கூட இல்லை. மூடியும் போடாமல் தளதளவென்று கொதிக்கவிட்டு அவர்பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர். வாயை மூடிக்கொண்டு உட்காரும் பழக்கம் அந்த வேலையில் கிடையாது போலிருக்கிறது.

லேப் டெக்னீஷியன் பரீட்சைக்கு ஐந்தே வாரம். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் அப்புறம் எழுதவே விடமாட்டார்கள். ஆயுசுக்கும் இப்போதுபோல அந்த ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மற்றவங்களோட வெள்ளை கோட்டைத் துவைச்சது போதும். நான் ஒண்ணு போடணும்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றும் வெந்நீர். இன்றும் செய்தி. சிவப்பணு பற்றிய ஒரே பக்கத்தை நாலு முறை படித்தேன்.

நவம்பர் 12, புதன்

மூளை வேலை செய்தது. படிப்பில் இல்லை, வேறு விஷயத்தில். மாமா அடுப்படிக்கு வருவது இந்த மலையூர்க் குளிருக்குத்தானே? அவர் அறையிலேயே சூடு இருந்தால் எதற்கு வரப்போகிறார்?

சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "மாமாவுக்கு முட்டி வலி, பாவம். அந்த ரூம் ஐஸா கிடக்கு. சுவர்ல மாட்டுற கரண்ட் ஹீட்டர் ஒண்ணு வாங்கிடலாமே."

முட்டி வலி என்றது பச்சைப் பொய். இவரோ சட்டென்று திரும்பி, "என்னப்பா, என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவிடமே கேட்டுவிட்டார். நான் கேட்காமலே இவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் முட்டியைத் தடவிக்கொண்டு, "ஆமாப்பா, ரெண்டு மாசமா பாடாப் படுத்துது" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? ஹீட்டர் ஆசைதான், வேறென்ன. பலே ஆள்.

நவம்பர் 15, சனி

எலக்ட்ரீஷியன் வந்து இடம் பார்த்தார். நாலு வார்த்தைக்கு ஒரு முறை காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஒன்றும் எழுதாமல் மறுபடி காதிலேயே செருகுகிறவர். "இருக்கிற பிளக்லயே போட்டுக்கலாமே?" என்று இவர் கேட்டார். "போன தடவை சின்ன ஹீட்டரையும் கெட்டிலையும் ஒண்ணா போட்டு, வீடே இருட்டாகி என்னைக் கூப்பிட்டீங்களே, மறந்துடுச்சா?" என்றார் அவர். தனி லைன் இழுக்க வேண்டுமாம், தனி பிரேக்கர் வேண்டுமாம். திரைச்சீலை பக்கத்தில் வரக்கூடாது, மேலே சுவிட்ச் போர்டு இருக்கக்கூடாது. எல்லாம் பார்த்து, மாமா கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் நானே அவர் பென்சிலை வாங்கிப் பெருக்கல் குறி போட்டேன்.

மாமா அவரை வழியனுப்ப வாசல்வரை விந்தி விந்திப் போனார். காலையில் விந்தியது வலது கால். இப்போது இடது. இவர் கவனிக்கவில்லை. இவர் எதைத்தான் கவனித்தார்!

நவம்பர் 20, வியாழன்

ஐயோ, ஐயோ, ஐயோ.

வேலை முடிந்து வந்து பார்த்தால், ஹீட்டர் அடுப்படிச் சுவரில்! மேசையை ஒட்டி, என் நாற்காலிக்கு நேர் எதிரே. எலக்ட்ரீஷியன் தரையில் உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டிருந்தார். "குறி அந்த ரூம்லதானே போட்டேன்?" என்றேன். "பெரியவர் இங்கதான்னு சொன்னாரு. அடுப்புக்கும் தள்ளி, சிங்குக்கும் தள்ளி, நல்ல இடம்மா" என்று பென்சிலைக் காதில் செருகினார். மாமா ஒன்றுமே தெரியாதவர்போல ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போச்சு. இனிமே அவர் அடுப்படியை விட்டு நகரவே மாட்டார். அவரை அனுப்பறேன்னு நானே சிம்மாசனம் போட்டுக் கொடுத்துட்டேன். பரீட்சை போச்சு, கோட்டு போச்சு. இவர்கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? ராத்திரி மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஐந்து மணி. அடுப்படி கதகதவென்று இருக்கிறது. மாமாவைக் காணோம். இரண்டு பாடம் முடித்தேன்.

நவம்பர் 22, சனி

இன்றும் வரவில்லை. மூன்று பாடம். கோபமோ? இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு நிம்மதி.

நிம்மதிதானா? பேப்பர் மடித்த மடிப்புக் கலையாமல் மேசையில் கிடந்தது. நானே எடுத்து வானிலையைப் படித்தேன்.

நவம்பர் 24, திங்கள்

ஐந்தரைக்கு நோட்டு எடுக்க அடுப்படியிலிருந்து எழுந்து போனேன். மாமா அறைக் கதவிடுக்கில் வெளிச்சம். எட்டிப் பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அதற்கு மேல் போர்வை. எதிர்ச்சுவரில் என் பெருக்கல் குறி.

"ஹீட்டர் அங்க இருக்கு. நீங்க இங்க உக்காந்து என்ன மாமா பண்றீங்க?"

"நீ போய்ப் படிம்மா."

"முட்டி வலியோட இந்தக் குளிர்லயா?"

"எனக்கு முட்டி வலின்னு எனக்கே நீ சொல்லித்தானே தெரியும்?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் சொன்னார்: "ரெண்டு வரி எழுதுவ, கையை ஊதுவ. திரும்ப ரெண்டு வரி, திரும்ப ஊதுவ. தண்ணியைக் கொதிக்க விட்டா அடுப்படி கொஞ்சம் சூடாகும்னு பார்த்தேன், பத்தல. நீ ஹீட்டர் பேச்சை எடுத்தியா, நான் முட்டியைப் புடிச்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் வரமாட்டேங்கறீங்க?"

"வந்தா என் வாய் சும்மா இருக்குமா? உனக்குப் பரீட்சைம்மா."

அவரை விரட்டத்தான் நான் அந்த வலியையே கண்டுபிடிச்சேன். அவருக்கு அதுவும் தெரிஞ்சிருக்கு. ரொம்ப வெட்கமா இருக்கு. அந்த வெந்நீர் எதுக்குன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருப்பேனா? கேஸ் வீணாகுதுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

போர்வையோடு கையைப் பிடித்து இழுத்து வந்து அடுப்படியில் உட்கார வைத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

மாமா இப்போது வாயே திறப்பதில்லை. பேப்பரில் எதையாவது படிக்கிறார், என்னை நிமிர்ந்து பார்க்கிறார், பெரிதாக ஒரு மூச்சு விடுகிறார், மறுபடி குனிகிறார். இது செய்தி வாசிப்பைவிடக் கொடுமை. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: ஐந்தே முக்காலுக்கு ஐந்து நிமிடம் அவர் பேசலாம். ஐந்து நாற்பதிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

டிசம்பர் 13, சனி

பரீட்சை. நான் படியிறங்கும்போது மாமா வாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "ரைட், போலாம்!" என்றார்.

சிவப்பணுக் கேள்வி வந்தது.

ஜனவரி 12, திங்கள்

கோட்டு கொடுத்தார்கள். கை கொஞ்சம் நீளம். மடித்து விட்டுக்கொண்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மாமா அறையிலும் நேற்று ஒரு ஹீட்டர் மாட்டியாயிற்று, என் பெருக்கல் குறி இருந்த அதே இடத்தில். இந்த முறை எலக்ட்ரீஷியன் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டுதான் சுவரில் கை வைத்தார்.

படிக்க ஒன்றுமில்லை, லீவு நாள் வேறு. ஆனாலும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. மாமா தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"ரூம்ல ஹீட்டரைப் போட்டுக்கலையா மாமா?"

"போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க யாரும் இல்லையேம்மா."

தண்ணீர் கொதித்தது. இரண்டு டம்ளர் எடுத்து ஊற்றினேன். வெறும் வெந்நீர்தான். ஊதி ஊதிக் குடித்தோம்.