மஞ்சக்கயிறு கட்டுன தவளை

இன்னா தோஸ்த்து, காலைல சட்டைய ஊற வெக்கலாம்னு பாக்கெட்டுல கைய வுட்டா மஞ்சக்கயிறு. பொண்ணு கழுத்துல நான் கட்டுனதுதான். பொண்ணுன்னா தவளைப் பொண்ணு. நீ போனப்புறம் இந்த வருசம்தான் நம்ம ஊர்ல மழைக்கோசரம் தவளைக் கல்யாணம் வெச்சாங்க.

நீ இருந்தவரைக்கும் மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டையும் பாலாத்து மடுவுலதான் புடிப்ப. ஒரு தபா மாப்பிள்ளை தட்டுலேர்ந்து துள்ளி நாட்டாமை மடியில குந்திக்கிச்சு. "மாமனார ரொம்பப் புடிச்சிப் போச்சு"ன்ன நீ. அவரு மூஞ்சி போன போக்கு இருக்குதே! சரி, அத வுடு.

கடைசியா நீ புடிச்சாந்த தவளைக்கு பின்னங்காலு சூம்பி, முதுவுல புண்ணு. தோல் கம்பெனில குரோம் தண்ணில நின்னு நின்னு உன் கையும் பூரா புண்ணு. அந்தக் கைய அது பக்கத்துல வெச்சிக் காட்டுன. "எனக்கு கை மட்டும்தான்டா. இது வாயால குடிக்காது, தோலாலதான் குடிக்கும். மடுவுல கலக்கற அத்தனையும் உள்ள போவுது"ன்ன. யாரு கேட்டாங்க?

இந்த வாட்டி மடுவுல தேடித் தேடிப் பார்த்தேன், ஒண்ணுகூட இல்ல. மலையடி ஏரி வரைக்கும் போயி, கொழுகொழுன்னு ஒரு ஜோடி புடிச்சி ஈரத்துண்டுல சுத்தி எடுத்தாந்தேன். தாலி கட்டுனதும் ஆத்துல வுடறது வழக்கமாச்சே. "வாணாம், ஏரியிலயே கொண்டுபோய் வுட்டுர்றேன்"னேன்.

"ஏன்யா, பொண்ணு வூட்டுக்காரன் நீயா?"ன்னு ஒருத்தன் சிரிக்கறான். "ஆத்துல வுட்டாதான் ஆத்துல தண்ணி வரும். செத்துப் போன உன் தோஸ்த்து மாதிரியே பேஜார் பண்ணாத"ன்னாரு நாட்டாமை. "தண்ணியோட இன்னா வரும்னு..."ன்னு ஆரம்பிச்சேன். மேளக்காரன் ஓங்கி அடிச்சான், என் பேச்சு அதுல போச்சு. ஜோடிய ஆத்து மடுவுலயே வுட்டுட்டாங்க.

சாயங்காலமே மழை புடிச்சிக்கிச்சு. ஊரே கூத்தாடுது, எனக்கு மடுவு நெனப்பாவே இருக்குது. நீதான் சொல்லுவியே, "மழைச் சத்தம் கேட்டா போதும், எவனாவது கம்பெனிக்காரன் கழிவுத் தண்ணிய தொறந்து வுட்டுடுவான். வெள்ளத்தோட வெள்ளமா போயிரும்"னு. விடிஞ்சதும் ஓடுனேன். மடுவு பூரா நுரை, நாத்தம், பச்சையும் நீலமுமா தண்ணி. மாப்பிள்ளைய காணோம். பொண்ணு மல்லாந்து கெடந்தா, கழுத்துல கயிறோட.

அப்டியே எடுத்தும்போய் நாட்டாமை கிட்ட காட்டுனேன். "மழை வந்துச்சா இல்லியா? அப்புறம் இன்னா?"ன்றாரு. பொண்ண பொதைச்சிட்டு கயிற மட்டும் அவுத்து வெச்சிக்கினேன்.

அடுத்த கல்யாணத்துக்கும் என்னதான் கூப்புடுவாங்க. வரட்டும். ஆமாயா, நான்தான் பொண்ணு வூட்டுக்காரன்னு இந்தக் கயிற எடுத்து முன்னாடி வெப்பேன். பொண்ணு குடுக்கறவன் மாப்பிள்ளை வூட்டுல தண்ணி எப்டின்னு பார்க்காம குடுப்பானா? மொதல்ல அந்த மடுவுல ஒரு தவளை கத்தட்டும். நான் காதால கேக்கணும்.