சேகரிடம் சொன்ன செய்தி

14.11.2006, செவ்வாய்

மூன்றாம் நாளாக மழை. துணி காயவில்லை. காலை பத்துக்குக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து போன். தங்கை மகன் குமார்.

"ஏன் பெரியம்மா வரல? நேத்து நாலு மணி வரைக்கும் அம்மாவ வச்சிக்கிட்டு ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்."

விளங்கவே சற்று நேரமானது. என் தங்கை ஜானகி நேற்று விடியற்காலை இறந்துபோய்விட்டாள்.

"நேத்து காலையிலேயே சேகர் அண்ணன்கிட்ட சொன்னேனே. 'அம்மா வந்ததும் சொல்றேன்'னாரு. அப்பறம் லைனே கெடைக்கல."

அப்போது நான் மீன் மார்க்கெட்டில். வந்து குழம்பு வைத்தேன். என் தங்கையைக் கிடத்தியிருந்த வேளையில் மீன் தின்றேன்.

பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட மிச்சமிருந்தவள் நான் ஒருத்தி. பீரோவிலிருந்து ஏதோ புடவையை எடுத்து அவள் நாத்தனார் போட்டாளாம்.

சேகரைக் கேட்டேன். "ஆமா... யாரோ பேசுனாங்க. மறந்துட்டேம்மா."

நான் படித்த கான்வென்டில் அது பதிலாகாது. முட்டி போட வேண்டும். போடச் சொன்னேன். என் மகனுக்கு வயது நாற்பத்திரண்டு. போட்டான். அறைக்குள் போய் அழுதேன். வெளியே வரும்போது பன்னிரண்டரை. இன்னும் அப்படியே இருந்தான்.

16.11, வியாழன்

மழை விட்டது. சிதம்பரம், சேகரின் மாத்திரைக்கு. பஸ்ஸில் அவனோடு பேசவில்லை.

புது டாக்டர். சின்னப் பெண். தலை வாரியது சரியில்லை. "மறதி இல்லை, திமிர்" என்றேன். உடனே சோதனை வைத்தாள். பதினைந்து சொற்களை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். மூன்று சொன்னான். ஐந்து முறை வாசித்தும் ஆறைத் தாண்டவில்லை. அரை மணி கழித்து ஒன்று. "கதவு." அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பதினான்கு. அந்த நேரத்திலும் ஒரு பெருமை.

"அவரு வேணும்னு மறக்கலம்மா. காதுல விழுறது உள்ள தங்க மாட்டேங்குது. இதுவும் அந்த நோய்தான். முக்கியமானத எழுதிக் குடுங்க."

மனநோய் என்றால் இல்லாத குரல் காதில் கேட்பது மட்டும்தான் என்றிருந்தேன். அது நின்று பத்து வருடம். குணமாகிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்.

17.11, வெள்ளி

தலைவலி. கடை இட்லி. கல் மாதிரி.

சாயங்காலம் சேகரை எதிரில் உட்காரச் சொன்னேன். "நான் செஞ்சது தப்புடா. மன்னிச்சிடு." அவன் அப்பாவிடம்கூடச் சொல்லாத வார்த்தை. அவரோடு கூட இருந்தது முப்பத்தாறு வருடம்.

"ஐயோ, இன்னாம்மா நீ. வுடும்மா." சிரித்தான். இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

18.11, சனி

வெயில். பால்காரர் தாமதம். சேகரைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். அடுப்படிக்குள் வராமல் வெளியிலேயே நின்றான்.

"ஏன்டா அங்க நிக்கிற?"

"நீ கோவமா இருக்கியேம்மா. சித்தி செத்தத நான் சொல்லாம வுட்டுட்டேன்."

"நேத்து உங்கிட்ட சொன்னேனே?"

"இன்னா சொன்ன?"

மறுபடி சொன்னேன், அதே சொற்களில். அதே சிரிப்பு. முதல் முறை கேட்கிறவன் போல. நாளைக் காலையும் அங்கேதான் நிற்பான்.

பழைய காலண்டர் அட்டையின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'சேகர், அம்மாவுக்கு உன் மேல் கோபம் இல்லை. முட்டி போட வைத்தது அம்மாவின் தப்பு.' கீழே கையெழுத்து.

என் அறைக்குள் அவன் வருவதில்லை. ஹாலில், வாசலுக்கு நேரே ஒட்டினேன். நாளை கருமாதிப் பத்திரிகையோடு குமார் வருகிறான். உள்ளே நுழைந்ததும் குமார் கண்ணில் முதலில் படுவது அதுதான். படட்டும்.