வாயைத் திறந்து கேட்டுட்டேன்

ஆடி 14, செவ்வாய். வெள்ளிமலை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில இன்னிக்கு நான் வாயைத் திறந்து கேட்டுட்டேன்.

கர்ப்பப்பையில கட்டி, பையையே எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் துணி மாத்திக்கினு வர்றதுக்குள்ள, நர்ஸ் நீட்டின ஆபரேஷன் பாரத்துல வூட்டுக்காரரு கையெழுத்தே போட்டுட்டாரு. எங்க பக்கம் அப்படித்தான். வயிறு என்னுது, கையெழுத்து அவருது.

"எடுக்காம வேற வழி இல்லீங்களா?"ன்னு கேட்டேன். அது என் குரல்தானான்னு எனக்கே சந்தேகம்.

"இன்னா பேசிக்கினு இருக்குற நீ?"ன்னு அவரு முறைச்சாரு.

டாக்டரம்மா அந்தப் பாரத்தை மடிச்சு ஓரமா வெச்சாங்க. "இருக்கும்மா. கட்டி சின்னதுதான். மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம். ஆனா ரத்தம் ஜாஸ்தியாப் போனா உடனே ஓடி வரணும். எதுன்னு நீதான் சொல்லணும்."

மாத்திரைன்னு சொல்லிட்டேன்.

மலை ஏறுற பஸ்ஸுல அவரு தனியா முன்சீட்டுல போய் உட்கார்ந்துக்கினாரு. ஒவ்வொரு வளைவுலயும் கீழ பார்த்துக்கினே வந்தேன். ராத்திரியில ஒண்ணுன்னா இந்த வழியிலதான் இறங்கணும். இருட்டினா பஸ் இல்ல. அவரு எழுந்து போய்தான் ஜீப்பைக் கூப்பிடணும். கூப்பிடுவாரா? "நீதானே கேட்ட"ன்னு படுத்துட்டாருன்னா?

நான் சொன்னது தப்போ, சரியோ.

ரத்தம் போறதுக்குத் தினம் எத்தினி துணி மாத்துறேன்னு டாக்டரம்மா எழுதிக்கினு வரச் சொன்னாங்க. அதுக்குத்தான் இந்த நோட்டு.

இப்போ நடுவுல எழுந்து போய் மாத்தினதோட இன்னிக்கு நாலு. எழுத உட்கார்ந்தப்போ மூணுதான்.