கைன்சா எடுத்துக்கிட்ட பல் படம்

ம்பாலே, ஞாயிறு மதியம்

அன்பு மகன் குடோசிக்கு அம்மா எழுதுவது. நான், உன் பொண்டாட்டி கைன்சா, உன் மகள் நம்போசோ மூணு பேரும் பல்லு முதற்கொண்டு நல்லா இருக்கோம், கத்தார் வெயில்ல நீயும் அப்படியே இருக்கணும். போன்ல உன்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியறதில்ல, நீயே பேசிட்டு வச்சிடுறே, அதனால ஊருக்கு வந்துட்டுத் திரும்புற உன் கூட்டாளிகிட்ட இதக் குடுத்தனுப்புறேன். உட்கார்ந்து படி.

கைன்சாவுக்கு, பிள்ளை வயித்துல இருந்த அஞ்சாம் மாசத்துல தாடை வீங்குச்சே, மருந்துல சரியாப்போச்சுன்னு உன்கிட்ட சொன்னோமே, அது முழு உண்மை இல்லப்பா. வீக்கம் கழுத்து வரைக்கும் இறங்கி, காய்ச்சல் கொதிச்சு, வாய் பாதிதான் திறந்துச்சு, கஞ்சிகூட உள்ள போகல. சந்தைக்குப் பின்னாடி பல்லு பிடுங்குறவன் கடைவாய்ப் பல்லு ரெண்டையும் பிடுங்கிடலாம்னான். எந்தப் பல்லுன்னு தெரியுமான்னு கேட்டா, ரெண்டையும் எடுத்தா ஒண்ணு சரியா இருக்கும்ல அப்படிங்கிறான். அங்கிருந்து எழுந்து பல் டாக்டரம்மா அபோலோட்கிட்ட போனோம். அவங்க ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்னாங்க. அப்பத்தான் நீ போன்ல, படம் எடுத்தா பிள்ளைக்கு ஆகாது, எடுக்கவே கூடாதுன்னு கத்தினே. உன் அத்தை நமுடோசி வேற, பிள்ளை கண்ணு தெரியாமப் பிறக்கும்னு சொல்லி, கூடவே வந்து அந்த எக்ஸ்ரே நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்துட்டா. எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா!

உன் பொண்டாட்டி அழல. டாக்டரம்மாவத்தான் கேள்வியாக் கேட்டா. எக்ஸ்ரே கதிர் வயித்துல படுமான்னா. கதிர் வர்ற குழாய் கன்னத்தப் பார்த்துத்தான் இருக்கும், வயித்துக்கு வர்றது இருக்கா இல்லையாங்கிற அளவுதான், வானத்துலேர்ந்தும் மண்ணு கல்லுலேர்ந்தும் தினம் நம்ம மேல தானா படுற அளவுகூட இந்த ஒரு படத்துல இல்லன்னாங்க. அப்ப படம் எடுக்கும்போது நீங்க ஏன் வெளிய போறீங்கன்னு கேட்டா பாரு, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. நீ எப்பவாவது ஒரு படம் எடுப்பே, நான் நாள் முழுக்க எடுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இங்கேயே நின்னா எனக்குச் சேர்ந்துக்கிட்டே போகும்மா, தேவையில்லாம யாருக்குமே எடுக்க மாட்டேன், ஆனா இந்தச் சீழ் ரத்தத்துல ஏறுச்சுன்னா அதுதான் உனக்கும் பிள்ளைக்கும் ஆபத்துன்னு சொன்னாங்க. கைன்சா திரும்பி, பல்லக் கடிச்ச மாதிரியே, அத்தை எந்திரிங்க, வலி என்னோடது, வயிறும் என்னோடதுன்னா. உன் அத்தை என்னப் பார்த்தா. நான் கதவத் திறந்து பிடிச்சுக்கிட்டேன்.

மனசு தைரியத்துக்குன்னு ஈயம் வச்ச கனமான மேலங்கிய வயித்து மேல போர்த்தி, கழுத்துக்கும் ஒரு பட்டை கட்டினாங்க. கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நீ கத்துவேன்னுதான் அப்ப உன்கிட்ட சொல்லல. படத்தப் பார்த்தா, அந்தக் கடைவாய்ப் பல்லு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு! அதுக்கு முன்னாடி இருந்த பல்லுதான், மேல பார்க்க முத்து, வேருக்கடியில கருப்பா ஒரு குழி. அதுலேர்ந்து சீழ எடுத்து விட்டாங்க, பிள்ளைத்தாச்சிக்கு ஒத்துக்கிற மருந்தும் குடுத்தாங்க, வீக்கம் வத்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு வேரச் சுத்தம் பண்ணி அடைச்சாங்க. ஒரு பல்லுகூடப் போகல குடோசி! கடலை அரைச்சு விட்ட மூங்கில் குருத்துக் குழம்ப அவ மாட்டோக்கே வாழைக்காய் மசியலோட வழிச்சுச் சாப்பிட்டத நீ பார்த்திருக்கணும்.

உன் மக பிறந்தது உனக்குத் தெரியும், பிறந்தப்ப போட்ட சத்தம் தெரியாது, வானாலே மலைக்கே கேட்டிருக்கும். இப்ப முகம் பார்த்துச் சிரிக்கிறா. உன் அத்தை தினமும் வந்து சிவப்புத் துணிய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்க்கிறா, குழந்தை கண்ணும் கூடவே போகுது. இப்ப சர்ச்சுல எல்லார்கிட்டயும், நாங்கதான் தைரியமாப் படம் எடுத்தோம்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. நாங்களாம்! நானும் கைன்சாவும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு.

கடவுள் உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் குடுக்கட்டும். அங்க பல் டாக்டர் படம் எடுக்கணும்னா எதுக்குன்னு கேளு, முன்னாடி எடுத்தது இருந்தா காட்டு, அப்புறம் ஆடாம உட்காரு. அடுத்து போன் பண்ணும்போது பிள்ளையக் கேக்காத, என்னையும் கேக்காத, முதல்ல கைன்சாகிட்ட குடுக்கச் சொல்லு. அவகிட்ட என்ன சொல்லணும்னு நான் எழுதித் தரமாட்டேன்.

உன்னைப் பெத்தவளும் அவளுக்குத் துணை நின்னவளுமான
அம்மா