ஜன்னலுக்கு வெளியே எறிந்த வயர்

ஒக்டோபர் 14, செவ்வாய்

பின்னேரம் வில்கமுவவில் இருக்கும் நண்பரோடு என் அமெச்சூர் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். "இங்க இடி தொடங்கிருச்சு, நீங்களும் கழட்டிருங்க" என்றார். பிளக்கைப் பிடுங்கினேன். கூரை அன்டெனாவிலிருந்து வரும் வயரையும் செட்டிலிருந்து கழற்றினேன். வழக்கமாக, இடி மண்ணுக்குள் இறங்கட்டும் என்று அதன் நுனியை ஜன்னலுக்கு வெளியே, நிலத்தில் அடித்திருக்கும் எர்த் கம்பியில் முறுக்கிவிடுவேன். இன்று அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவசரத்தில் வயரை வெளியே எறிந்துவிட்டு கை கால் கழுவி உளூச் செய்யப் போனேன். அது உடுப்புக் கொடியில் விழுந்ததை நான் பார்க்கவில்லை.

கொடி, கம்பிக் கொடி. மழைக்கு முன் உடுப்பு எடுக்க பரீதா அங்கே போயிருக்கிறாள்.

இடி விழுந்தது பக்கத்துக் காணித் தென்னையில்தான். ஆனாலும் கொடியில் நீலமாக ஒரு பொறி ஓடியதாம். நான் போனபோது கொடியிலிருந்து எடுத்த என் சாரத்தோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. மாத்தளைக்குக் கூட்டிப்போனேன். உள்ளங்கை சிவந்ததைத் தவிர ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் கேட்டாள்: "ஒங்கட ரேடியோவுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல்ல" என்றேன்.

கேலியா, அக்கறையா, தெரியவில்லை. இப்போது தூங்குகிறாள். தூரத்தில் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. இரண்டு தடவை எழும்பிப் போய் வயரைப் பார்த்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கு எப்படி அவ்வளவு சட்டென்று வந்தது என்று அவள் யோசித்திருப்பாளா? சத்தம் கேட்டதும் நான் முதலில் ஓடியது ரேடியோ அறைக்கு.