சல்லடை தள்ளிய பதினேழு

நாள் 141. 07:10
கப்பல் பேழை, செவ்வாய் வழி. பணியில் ஜெபசீலி, கருவியல். உடன் இருப்பவர் யாருமில்லை.

குளிர்ப்பெட்டி இரண்டும் சீர். உறைந்த கருக்கள் நாற்பது, குப்பிக்கு ஒன்று. பெற்றவர்களில் சிலர் செவ்வாயில் இருக்கிறார்கள், சிலர் பூமியில் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள். பிள்ளைகள் என்னோடு வருகிறார்கள். அழுவதில்லை, சோறு கேட்பதில்லை. எங்கள் தூத்துக்குடியில் இப்படிப் பிள்ளைகள் கிடைத்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

காலைச் சாப்பாடு உப்புமா என்று உறையில் போட்டிருந்தது. உறையை நம்பிச் சாப்பிட்டேன்.

நாள் 143. 15:40
இரண்டாம் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது. குளிரூட்டும் அமுக்கி எரிந்துபோயிற்று, மாற்று இல்லை. முதல் பெட்டியில் இருபது குப்பிக்குத்தான் இடம். மீதியைத் திரவ நைட்ரஜன் கையிருப்பில் வைத்திருக்கிறேன். ஆறு நாள் தாங்கும். அதற்குள் இருபதைக் கைவிட வேண்டும்.

எதை என்று நான் முடிவு செய்யக் கூடாது, சல்லடை செய்யும். கருவின் மரபணுவைப் படித்து நோய் வாய்ப்புக்குப் புள்ளி போடும் நிரலுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. விதி அப்படி. நல்ல வேளை என்று நினைத்தேன்.

நாள் 144. 09:05
பட்டியல் வந்தது. தள்ள வேண்டிய இருபதில் பதினேழு ஆப்பிரிக்கப் பெற்றோருடையவை. கப்பலில் இருக்கும் ஆப்பிரிக்கக் கருக்களே பதினேழுதான். ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, ஆபத்து மிக அதிகம்.

எந்த நோயும் இவ்வளவு சுத்தமாக ஆள் பார்த்துப் பிரிக்காது.

நாள் 144. 17:30
கண்டுபிடித்துவிட்டேன். சல்லடை பாடம் படித்தது பெரும்பாலும் ஐரோப்பியர்களின் மரபணுவில். கொஞ்சம் சீனர், கொஞ்சம் நாம். கருவில் முகத்தின் இரு பக்கமும் வந்து இணைவதை நடத்தும் மரபணுக்களுக்குப் பக்கத்தில், அது முன்னே பார்த்திராத டி.என்.ஏ. எழுத்து எது வந்தாலும் பிழை என்று புள்ளி ஏற்றுகிறது. மனிதர்கள் மிக நீண்ட காலம் வாழ்ந்த கண்டம் ஆப்பிரிக்கா, எழுத்து வேறுபாடுகள் அங்கேதான் அதிகம். குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டிவிட்டு உலகத்தைச் சுற்றி வந்ததாகச் சொல்கிறது சல்லடை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிளவோடு பிறக்கும் பிள்ளைகள் ஆப்பிரிக்காவில் குறைவு, ஆசியாவில்தான் அதிகம் என்றே நான் படித்திருக்கிறேன்.

கிரகணத்தில் கர்ப்பிணி காய் நறுக்கினால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பார்கள் எங்கள் தெருவில். அவர்களாவது காயைத்தான் தள்ளி வைத்தார்கள்.

ஃபோலாகேக்கு எழுதினேன். செவ்வாய்க் குடியிருப்பின் மருத்துவர், நைஜீரியாக்காரி. பிளவுள்ள குடும்பங்களை அங்கே இபாடான் நகரில் வீடு வீடாகப் போய் ஆராய்ந்தவள். குப்பி 31 அவளுடையது. கணவர் இறந்துவிட்டார், வேறு கரு கிடையாது.

நாள் 145. 11:20
ஃபோலாகே ஆங்கிலத்தில் பேசினாள். தமிழில் எழுதி வைக்கிறேன்.

"ஜெபா, நீ அனுப்பிய எழுத்துகளில் பெரும்பாலானவை எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பிளவே இல்லாத வீடுகளிலும். ஓரிரண்டு மட்டும் உண்மையாகவே ஆபத்தைக் கூட்டுபவை. அதில் ஒன்று என் குடும்பத்திலும் ஓடுகிறது, மறைக்க மாட்டேன். என் தம்பி பிளவோடு பிறந்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே தைத்தார்கள். இப்போது கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தானென்றால் பிடுங்க நாலு பேர் வேண்டும். பிளந்த உதட்டை நானே தைப்பேன். பிறக்காத பிள்ளையை எங்கே தைப்பது?"

இதையும் அவளுடைய ஆய்வையும் சேர்த்துப் பூமியில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினேன்.

நாள் 146. 10:00
தேர்வுக் குழுவின் பதில்: "இணைத்த ஆய்வு அளவில் சிறியது. ஆபத்தில்லை என்று நிரூபிக்கப்படும்வரை ஆபத்து என்றே கொள்ளவும். பட்டியலைப் பின்பற்றவும்."

தேடாத இடத்தில் தரவு எப்படி இருக்கும்? தங்களுக்குத் தெரியாததற்குப் பிள்ளைகளின் தலையில் புள்ளி போடுகிறார்கள்.

சல்லடையிலிருந்து பிளவுக் கணக்கை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். நாற்பதும் சமம், தேர்ந்தெடுக்க இயலவில்லை என்கிறது. அப்படியானால் ஒரே வழிதான், திருவுளச்சீட்டு. ஆனால் விதிப்படி பட்டியலை மீற இரண்டு பேரின் சம்மதக் குரல் வேண்டும். ஒன்று என்னுடையது, மற்றது தரைநிலையப் பணியாளருடையது.

இப்போது அங்கே பணியில் இசக்கியப்பன், எங்கள் பக்கத்துப் பையன். குப்பி 23 அவனுடையதும் மனைவி செல்வக்கனியுடையதும். சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு இனிக் கரு உண்டாகாது. சல்லடை 23ஐத் தள்ளவில்லை, சீட்டு என்றால் தங்குவது பாதிக்குப் பாதி. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.

நாள் 147. 08:15
"யக்கா, இசக்கி பேசுதேன். ரெண்டு தடவ மைக்க ஆன் பண்ணி ஆஃப் பண்ணிட்டேன். எங்க பிள்ள பட்டியல்ல தங்கிட்டுன்னு மூணு நாளைக்கு முன்னதான் அவகிட்ட சொன்னேன், தெருவுக்கே மிட்டாய் குடுத்தா. இப்ப என்னத்தச் சொல்ல? ஆனா அந்தப் பதினேழு பேரத் தள்ளிட்டு எம்பிள்ள வந்துச்சுன்னா, அது மூஞ்ச நான் எப்படிக்கா பாப்பேன்? சீட்டுக்குச் சம்மதம். எங்குரலப் பதிஞ்சுக்கிடுங்க. செல்வக்கனிக்குத் தெரியாது."

பதிந்துவிட்டேன். கப்பல் ஏற்றுக்கொண்டது.

நாள் 148. 13:00
சாப்பாட்டு உறைகளைக் கிழித்து நாற்பது சீட்டு. எடையில்லாத இடத்தில் சீட்டுக் குலுக்க வேண்டியதில்லை. காற்றில் விட்டால் அறை முழுக்கத் தானே அலைகின்றன. கண்ணை மூடி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். பிடிபட்டவை போகும்.

12. 5. 38. 7. வாய்விட்டு எண்ணைப் படித்தேன். எட்டாவது சீட்டு 23.

கையை விரித்தால் மிதந்து போய்விடும். வேறொன்றைப் பிடிக்கலாம். கேட்க ஆளில்லை. விரிக்கத்தான் நினைத்தேன், இல்லையென்று சொன்னால் பொய். விரித்திருந்தால் நானும் ஒரு சல்லடை.

இருபதும் முடிந்தன. பதினேழில் ஒன்பது தங்கின. 31 தங்கியது. இருபது குப்பிகளைக் கையுறையோடு எடுத்து, ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். உறைபனி கரைந்து சொட்டு சொட்டாக மிதந்தது.

நாள் 149. 09:30
ஃபோலாகேக்குச் செய்தி போய்விட்டது. பதிலாக அவளுடைய அழுகைதான் வந்தது.

இசக்கிக்கு இன்னும் எழுதவில்லை. நேற்றிலிருந்து நாலு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நாள் 149. 10:45
பூமியிலிருந்து குரல். அவன் இல்லை.

"யக்கா, நான் செல்வக்கனி. அவுக ரெண்டு நாளாச் சாப்பிடல, கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காவ. கையில கால்ல விழுந்து ஸ்டேஷனுக்குள்ள வந்துட்டேன். எங்க பிள்ள நல்லா இருக்குல்லாக்கா? பட்டியல்ல தங்கிட்டுன்னு சொன்னாவளே. ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இங்கனயே நிக்கேன்."

என் குரல் அங்கே போய்ச் சேரப் பதினொரு நிமிடம். அதுவரை அவளுக்குப் பிள்ளை இருக்கிறது.

இருபது நிமிடம் ஆயிற்று. அவள் நின்றுகொண்டிருக்கிறாள். ஒலிவாங்கியைத் திறந்துவிட்டேன். இனிக் கருவியே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

"செல்வக்கனி, அக்கா பேசுதேன். மொதல்ல எங்கயாவது உக்காரு தாயி. அவன்மேல கோவப்படாத. உம்பிள்ள..."